காணிக்குப் பத்து மூட்டை

அடுத்த வருஷம் இந்தத் தேசம் வயிறு நிறையச் சாப்பிடுமா சாப்பிடாதா என்று டில்லியில் ஒரு புத்தகம் போடுவார்கள். மஞ்சள் அட்டை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எண்பத்தேழாம் பக்கத்தில், கீழேயிருந்து மூன்றாவது வரியில், புதுச்சேரி என்று போட்டு ஒரு எண் இருக்கும். அந்த எண் என்னுடையது. என் பேர் அதில் எங்கேயும் கிடையாது. ஆனால் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். இதை வீட்டில் சொன்னால் என் மனைவி செல்வாம்பாள் சிரிப்பாள். "தேசத்துக்கே சோத்துக் கணக்குப் பாக்கறவருக்கு, நம்ம பானையில அரிசி தீந்து மூணு நாளாச்சுன்னு தெரியல" என்பாள்.

என் பேர் குமாரவேல். கருவடிக்குப்பத்தில் வீடு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெவே என்கிற பள்ளிக்கூடப் பரீட்சை பாஸ் பண்ணி விவசாய இலாகாவில் எழுத்தராகச் சேர்ந்தேன். அவன் கப்பலேறி ஐந்து வருஷம் ஆகியும் நான் இன்னும் தற்காலிகம்தான். பழைய ஆட்களில் யாரை நிரந்தரமாக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு பட்டியல் வரும் வரும் என்றார்கள். வரவில்லை. எனக்கு இயல்பாகவே உட்கார்ந்த இடத்தில் உட்கார வராது. இந்த ஐந்து வருஷத்தில் அது இன்னும் மோசமாகிவிட்டது. மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட், மிஷின் குலுங்குகிறது என்று சொல்லி இடம் மாற்றிக்கொண்டு போனார்.

அந்த எண்ணை நாங்கள் எப்படிப் பிடித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிர் நிற்கும்போதே போய், காணிக்கு எத்தனை மூட்டை நெல் எதிர்பார்க்கிறீர்கள் என்று குடியானவனைக் கேட்க வேண்டும். அரசாங்கத்தின் கேள்வி இது. ஆனால் நிற்கிற பயிரின் விளைச்சலை வாய்விட்டுச் சொல்கிற குடியானவன் எங்கள் பக்கத்தில் எவனும் இல்லை. கண் பட்டுவிடும். கேட்டவன் கண் படாவிட்டாலும் சொன்னவன் வாயே பட்டுவிடும். அதனால் எல்லாரும் பாதிதான் சொல்வார்கள். இருபது மூட்டை காணும் என்று மனசில் இருந்தால் வாய் பத்து என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சத்தியமும் பண்ணும். இதில் பொய் சொன்னோம் என்று ஒருத்தருக்கும் உறுத்தல் கிடையாது. பயிருக்குச் செய்கிற ஒரு காவல் அது, அவ்வளவுதான்.

நானும் குடியானவன் வீட்டுப் பிள்ளைதான். எனக்கு இது தெரியாதா. அவர்கள் பத்து என்றால் நான் இருபது என்று எழுதிக்கொள்வேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதாமலே நடந்தது. அதை அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தால், எங்கள் மேலதிகாரி கிருஷ்ணசாமி சிவப்புப் பென்சிலை எடுப்பார். அவர் மதராஸ் பக்கத்திலிருந்து மூன்று வருஷம் முன்னால் மாற்றலாகி வந்தவர். பிரெஞ்சு அரசாங்கத்தில் இருந்த ஆட்கள் எதையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஒன்றும் பேசாமல் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பதினெட்டு என்று போடுவார். தை மாசம் அறுத்து அடித்துப் பார்த்தால் பதினெட்டுதான் இருக்கும். மூன்று தரப்பும் சேர்ந்து ஒருவரையொருவர் நம்பாமல் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தோம். டில்லிக்காரர்கள் எங்களைப் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைத்தார்கள்.

நான் சொல்லப்போகிற வருஷத்தில், கார்த்திகைக் கடைசியில், நெல் பூக்கிற நேரத்தில் ஆறு நாள் விடாமல் மழை. அது நின்ற பிறகு மார்கழி முதல் வாரம் நான் சுற்றப் போனேன். பயிர் இடுப்பளவு நின்றது. கருகருவென்று பச்சை. இவ்வளவு செழிப்பாகப் பார்த்து நாலைந்து வருஷம் இருக்கும். சேதராப்பட்டில் என் மனைவியின் அண்ணன் பாவாடை இருக்கிறார். அவர் நிலத்து வரப்பில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றார்கள். வழக்கமாக ஆளுக்கொரு மூலையில் நின்று மழுப்புவார்கள். அன்றைக்கு எல்லாரும் ஒரே வாயாக, "காணிக்குப் பத்து" என்றார்கள். ராமதாஸ் என்று ஒரு பெரியவர், "இந்தத் தடவ நெசமாவே பத்துதாங்க" என்றார்.

"போன வருஷமும் நெசமாத்தான சொன்னீங்க" என்றேன் நான்.

இதற்கு எப்போதும் சிரிப்பார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பாவாடை என் முகத்தையே பார்த்தார். "மாப்ள, பத்துன்னே எழுதிக்குங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி வந்து, சைக்கிள் சீட்டின் மேல் நோட்டை வைத்து இருபது என்று எழுதினேன்.

அந்த வருஷம் இன்னோர் ஆச்சரியமும் நடந்தது. கிருஷ்ணசாமி சிவப்புப் பென்சிலை எடுத்தார், என் தாளைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "மூணு வருஷமா உன்னப் பாக்கறேன் குமாரவேல். உன் நம்பர்ல கை வைக்க வேணாம்னு தோணுது" என்றார். ஐந்து வருஷத்தில் ஒருத்தர் என்னை நம்பி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல். சாயங்காலம் செல்வாம்பாளுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று அவள் கேட்டாள். சொல்லத் தெரியாமல் சிரித்தேன்.

காணிக்கு இருபது மூட்டை என்ற கணக்கு டில்லிக்குப் போயிற்று. புதுச்சேரிக்கு இந்த வருஷம் மிச்சம் விழும் என்று மஞ்சள் புத்தகத்தில் ஏறியது. பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது. நிரந்தரமாக்கும் பட்டியல் ஒருவழியாகத் தயாராகிறது, அதில் என் பேர் இருக்கிறது என்று கிருஷ்ணசாமியே சொன்னார். என் கால் ஆடுவது நின்றிருந்தது.

தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலையில் தனக்கொடி அக்கா கருவாட்டுக் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். வைத்திக்குப்பத்துக்காரி. அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். அறுப்புக் காலத்தில் குப்பத்துப் பெண்கள் கருவாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களுக்குப் போய், களத்திலேயே நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள். காற்றடித்துக் கடலுக்குப் போக முடியாத மாசங்களில் அந்த நெல்தான் கஞ்சி. மிச்சத்துக்கு நியாய விலைக் கடை அரிசி.

கூடையில் நெத்திலி முக்காலுக்கு மேல் அப்படியே இருந்தது. "என்னக்கா, களத்துக்கே போவலியா?" என்று கேட்டேன்.

"எட்டு களம் ஏறி எறங்கிட்டேன் தம்பி. போன தையில ஒரு படி நெத்திலிக்கு நாலு படி நெல்லு அளந்தாங்க. இப்ப ஒண்ணரை. அதுக்கே கையி யோசிக்குது. ரெண்டு எடத்துல வேணாம்னே சொல்லிட்டாங்க."

"கஞ்சத்தனமா இருக்கும்."

"கஞ்சத்தனம்னா மொகத்துல தெரியாதா. இது இல்லாத மொகம்" என்றாள் அவள். செல்வாம்பாள் கருவாட்டுக்குத் தட்டு எடுத்து வருவதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டேன்.

சேதராப்பட்டு எட்டு மைல். வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். அவள் போனது மேட்டு நிலத்துக் களமாக இருக்கும். ஏரிப் பாசனத்து நெல் இன்னும் அறுத்திருக்க மாட்டார்கள். ஒண்ணரைப் படி என்பது அவளாகச் சொல்வதாக இருக்கும். மிதிக்க மிதிக்க அந்தச் சமாதானம் ஒவ்வொன்றும் எனக்கே கேவலமாகப் பட்டது.

பாவாடை களத்தில் தூற்றிக்கொண்டிருந்தார். காற்றுப் பக்கம் பதர் ஒரு குன்று. இந்தப் பக்கம் நெல், ஒரு சின்ன மேடு. நான் பதரில் கையை விட்டு அள்ளினேன். கையில் கனமே இல்லை. பூவில் மழை விழுந்து பால் பிடிக்காமல் போன நெல். நான் மார்கழியில் பார்த்த பச்சையெல்லாம் இதுதான்.

"மாப்ள, வாங்க" என்று முறத்தைக் கீழே வைத்தார் பாவாடை. முகத்தில் களைப்பு இருந்தது, ஆனாலும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவும் இருந்தது. "சொன்னது சொன்னபடி இருக்குது பாருங்க. காணிக்குப் பத்து. ராமதாஸு நெலத்துல பத்தே காலு. வடக்கால ஒம்போதரை. உங்க கணக்குல ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"மச்சான், இந்த வருஷம் பத்துதான் காணும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"கதிர நசுக்கிப் பாத்தா தெரியாதா. வழக்கப்படின்னா அஞ்சுன்னு சொல்லியிருப்போம். செல்வாம்பாதான் கார்த்திகை தீபத்துக்கு வந்தப்ப சொல்லிச்சு. உங்க வேல நெரந்தரமாவறது இந்த வருசக் கணக்குலதான் இருக்குது, தப்பா போனா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு. நான் ஊரக் கூட்டிச் சொன்னேன். நம்ம வீட்டு மாப்ள, இந்த ஒரு வருசம் கண்ணு பட்டாலும் படட்டும், நெசத்த சொல்லுங்கப்பான்னேன். நீங்க கணக்குக் கேக்கற ஊருக்கெல்லாம் ஆளு உட்டேன். ராமதாஸு மொதல்ல ஒத்துக்கல. அப்பறம் அவரே முன்னால வந்து சொன்னாரு. பாத்தீங்களே."

அஞ்சு என்று சொல்லியிருந்தால் நான் பத்து என்று எழுதியிருப்பேன். எல்லாம் சரியாகப் போயிருக்கும். எனக்காகத் தங்கள் வழக்கத்தையே ஒதுக்கி வைத்து உண்மையைச் சொன்னார்கள். நான் அதை இரண்டால் பெருக்கினேன். மோர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி அவர் கூப்பிடக் கூப்பிட நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். நின்றிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து செல்வாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்தப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கத்த வரவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நல்லதுக்குத்தான சொன்னேன்" என்றாள். பிறகு, "அப்ப எங்க அண்ணன் சொல்றத நீங்க எழுதறதே இல்லியா? எப்பவுமா?" என்றாள். எழுந்து வாசலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன்.

மறுநாள் அலுவலகம் திறக்கிறதுக்கு முன்னால் நான் போய் நின்றேன். ஒதுக்கீட்டுக் கூட்டம் மாசிக் கடைசியில். எங்களுக்கு மிச்சம் விழும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, மத்தியக் கிடங்கிலிருந்து புதுச்சேரிக்கு வர வேண்டிய அரிசியை அங்கே குறைப்பார்கள். குறைத்தால் நெல் வைத்திருக்கிறவன் எப்படியோ சமாளிப்பான். வயலே இல்லாத குப்பத்து ஜனம் என்ன செய்யும். அதற்குள் எண்ணைத் திருத்தியாக வேண்டும்.

கிருஷ்ணசாமி எல்லாவற்றையும் கேட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. திருத்தப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பத்து என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம், திருத்தத்துக்குக் காரணம் என்று. நான் யோசிக்காமல், குடியானவர்கள் இந்த வருஷம் உண்மையைச் சொன்னதால் தவறு நேர்ந்தது என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் முகம் கறுத்தது.

"இத அனுப்ப முடியாது குமாரவேல். மூணு வருஷமா ரெண்டால பெருக்கினோம்னு நாமே எழுதிக் குடுக்கற மாதிரி. நான் பத்துல ஒண்ணு கழிச்சதும் வெளிய வரும்."

"மழைன்னு போடலாமா சார்?"

"மழை நீ போறதுக்கு முன்னாடியே பெஞ்சுட்டுது. நீயே 'மழை போதுமானது, பயிர் செழிப்பு'ன்னு எழுதி அனுப்பியிருக்க. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. அப்புறம் நடந்தது ஏதாவது வேணும்." பேனாவால் மேஜையைத் தட்டினார். "பூச்சின்னு போடு. குருத்துப்பூச்சி. கதிர் வெளுத்துப் பதராப் போவும். சரியா இருக்கும்."

நான் பேனாவை எடுக்கவில்லை.

"நிரந்தரப் பட்டியல் வெள்ளிக்கிழமை கையெழுத்தாவுது. அதுக்குள்ள இந்தப் பெருக்கல் கதை வெளிய போனா உன் பேரு இருக்காது. யோசிச்சுக்கோ" என்றார். மிரட்டிச் சொல்லவில்லை. அவருக்கும் பயம், எனக்கும் பயம். எண் உண்மைதானே, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறொரு தாளில் குருத்துப்பூச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து தனக்கொடி அக்காவைத் தெருவில் பார்த்தபோது, "எழுதிட்டேன்க்கா, அரிசி கொறையாது" என்று நானாகவே சொன்னேன். அவள் எதற்கு என்று புரியாமல் சரி தம்பி என்றாள்.

மூன்று வாரம் கழித்து டில்லியிலிருந்து பதில் வந்தது. எந்த வகைப் பூச்சி, எத்தனை எக்தாரில், எந்தத் தேதியில் கண்டது, மாதிரி எடுத்து அனுப்பப்பட்டதா, என்ன மருந்து தெளிக்கப்பட்டது, அக்கம்பக்கத்து ஜில்லாக்களில் அப்படி எதுவும் இல்லாதபோது உங்கள் எல்லைக்குள் மட்டும் எப்படி வந்தது என்று ஏழு கேள்வி. ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் ஒரு பத்தி. ஒதுக்கீட்டுக் கூட்டம் நெருங்கும்போது இடத்துக்கு இடம் விளைச்சலைக் குறைத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது, ஆகவே முதலில் அனுப்பிய எண்ணே நிற்கும். அதாவது நாங்கள் குடியானவர்களிடம் எப்படி நடந்துகொண்டோமோ, டில்லி எங்களிடம் அப்படி நடந்துகொண்டது. அதே தபாலில் என் நிரந்தர உத்தரவும் இருந்தது. செல்வாம்பாள் பாயசம் வைத்தாள். ஒரு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

சித்திரையிலிருந்து கடைகளுக்கு அரிசி பாதிதான் வந்தது. வைகாசி பிறந்ததும் வரிசை கடைக்கு வெளியே நீண்டு, தெருக்கோடி திரும்பிப் போயிற்று. எனக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது. எங்கள் வீட்டுக்குப் பாவாடை ஒரு மூட்டை நெல் அனுப்பியிருந்தார், தன் பத்திலிருந்து. ஆனாலும் அலுவலகம் போகிற வழியை விட்டுத் தினமும் நான் அந்தக் கடைப் பக்கமாகச் சுற்றிப் போனேன். எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் பையை மடித்துக்கொண்டு வெறுமனே திரும்புகிறார்கள் என்று பார்ப்பேன். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. தனக்கொடி அக்கா வரிசையில் நின்றாள். நாலு மணிக்கே வந்தாளாம். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"தம்பி, நெல்லுக் கணக்கு எழுதற ஆபீசுதான உன்னுது. எங்களுக்கு ஏன் கொறச்சாங்கன்னு கேட்டுச் சொல்லேன். முந்தாநாளு வந்து வெறும் பையோட போனேன். கெடைக்கறதுல ஒரு வேளைக்குக் கஞ்சி வச்சி, மறுவேளைக்குத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுக்கறோம்."

மழுப்பியிருக்கலாம். டில்லி என்று கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று, பாவாடை ஊரைக் கூட்டியதிலிருந்து பூச்சி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்களும் கேட்டார்கள். யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஒருத்தியும் திட்டவில்லை.

தனக்கொடிதான் கேட்டாள். "அவங்க பொய் சொன்ன வருசத்துல நீ நம்பல. அது சரி. நெசத்த சொன்னப்ப ஏன் தம்பி நம்பல? உங்க ஆளுங்கதான?"

"தெரியலக்கா."

"நாலு படி அளக்கற கையி ஒண்ணரை அளந்திச்சு. நான் படிச்சவ இல்ல. எனக்குத் தெரிஞ்சிச்சே" என்றாள். வரிசை நகர்ந்தது. அவளும் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள். நான் ஏதாவது செய்வேன் என்று அவள் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேராக அலுவலகத்துக்குப் போனேன். அரைநாள் வேலை என்பதால் கூட்டம் குறைவு. இங்கிலீஷில் எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கசக்கினேன். எந்த வார்த்தை சரி எந்த வார்த்தை தப்பு என்று பார்ப்பதிலேயே சொல்ல வந்தது நழுவிப் போயிற்று. பிறகு பிரெஞ்சில் எழுதினேன். எங்கள் ஊர் அரசாங்கத்தில் அது இன்னும் செல்லுபடி ஆகிற பாஷை, டில்லியிலும் மொழிபெயர்க்க ஆள் உண்டு. அதில் எனக்குக் கை நிற்காது. முக்கால் மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். கொண்டுபோய்க் கிருஷ்ணசாமி முன்னால் வைத்தேன். அவருக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது.

"என்ன இது?"

"டில்லிக்குத் திருத்தம் சார். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் போகும்."

"படி" என்றார்.

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். இந்தப் பகுதியில் காணிக்குப் பத்து மூட்டைதான் விளைந்தது. பூச்சி எதுவும் வரவில்லை. நான் எழுதியது பொய். குடியானவர்கள் வழக்கமாகப் பாதி சொல்வார்கள், நான் வழக்கமாக இரண்டால் பெருக்குவேன், இந்த வருஷம் அவர்கள் சரியாகச் சொன்னார்கள், நான் நம்பவில்லை. மீன்பிடிக்கிற குப்பங்களில் ஒரு வேளைக் கஞ்சிதான் நடக்கிறது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது என் தப்பினால் நின்றிருக்கிறது. இவ்வளவுதான் கடிதம்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உன் உத்தரவு வந்து நாலு மாசம்கூட ஆகல. இத அனுப்பினா அது திரும்பிப் போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. போய்ச் சொல்லணும்."

"நான் கழிக்கறத பத்தி எழுதினியா? பத்துல ஒண்ணு?"

"இல்ல சார். நான் பண்ணினத மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"அதையும் சேத்துக்கோ. மூணு வருஷம் கழிச்சேன், இந்த வருஷம் கழிக்கலன்னு" என்றார். நின்றபடியே அவர் மேஜையில் குனிந்து, கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். என் கை எழுதுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிசி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனிக் கடைசியில், கேட்டதில் முக்கால் பங்கு. அதற்குள் குப்பத்தில் பல வீடுகளில் பாத்திரம் பண்டம் போயிருந்தது. என் உத்தரவு ரத்தாகி நான் மறுபடி தற்காலிகம் ஆனேன். கிருஷ்ணசாமியை மதராஸுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செல்வாம்பாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் அண்ணனிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு வரும்படி என்னைச் சேதராப்பட்டுக்கு அனுப்பினாள். அங்கே நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு இன்றைக்கும் மனசை விட்டுப் போகாதது அந்தச் சனிக்கிழமைதான்.

நான் எழுதி முடித்ததும் கிருஷ்ணசாமி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தெரியாத பாஷையை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது குமாரவேல். நீ படிச்சதுதான் இருக்குன்னு எடுத்துக்கறேன்" என்றார். பேனாவைத் திறந்தார்.

"இருங்க சார்" என்றேன். தாளை வாங்கி, அவருக்கு நான் சொன்னதும் அதில் எழுதியிருந்ததும் ஒன்றுதானா என்று முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்துவிட்டு, அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.